ஒப்பும் ஒப்புதலும்

"டீச்சரே, இதில எங்க ஒப்பு போடணும்?"

பின்வாசலில் வந்து நின்று அந்த அக்கா கேட்டது இவ்வளவுதான். களியக்காவிளைப் பக்கம் ஒப்பு என்றால் கையெழுத்து. மலையாளத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். ஒப்பம் என்று தமிழிலும் உண்டு. எங்கள் ஊரில் இரண்டு மொழிக்கும் நடுவில் வேலி கிடையாது, செக்போஸ்ட் மட்டும்தான். அக்கா முப்பது வருடம் அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைத்தவர். கையெழுத்துப் போடத் தொண்ணூறுகளில் அறிவொளி வகுப்பில் படித்துக்கொண்டார். இடது மார்பில் கட்டி. எல்லை தாண்டிய ஒரு மருத்துவமனையில் பயாப்சி எடுத்து, தீனம் இன்னதென்று சொல்லிவிட்டார்கள். ஒரு மருந்தாய்வு நடக்கிறது, விருப்பமிருந்தால் அதில் சேரலாம் என்று சொல்லிப் பதினொரு பக்கத் தாள்களையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

வாசித்துச் சொல்லுங்கள் என்று அக்கா கேட்கவில்லை. எங்கே ஒப்பு போட வேண்டும் என்றுதான் கேட்டார். இந்தக் கட்டுரை அந்த வேறுபாட்டைப் பற்றியது.

படிவம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. விளவங்கோட்டுப் பெண்களுக்கு மலையாளம் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. 1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்தது தமிழ். ஆனால் பெரிய தீனம் வந்தால் பஸ் ஏறுவது திருவனந்தபுரத்துக்கு. முப்பது கிலோமீட்டர்தான். மொழிக்காகப் போராடி வாங்கிய எல்லை, உடம்புக்கு வந்தால் ஒரு பொருட்டில்லை. தமிழில் படிவம் கிடைக்குமா என்று கேட்கச் சொன்னேன். அடுத்த முறை போனபோது கொடுத்தார்கள். கேட்டால் கொடுக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

தமிழ்ப் படிவம் கையில் வந்த பிறகுதான் எனக்குச் சிக்கல் முழுமையாகப் புரிந்தது. தமிழில் முனைவர் பட்டம் பெற்று, இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் எனக்கு அதை வாசித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு பிரதி என்ற வகையில் அதைப் பார்த்தால், அதில் எழுவாய் என்பதே இல்லை. மருந்து செலுத்தப்படும், இரத்தம் சேகரிக்கப்படும், தகவல்கள் பாதுகாக்கப்படும். யார் செலுத்துவார், யார் சேகரிப்பார், யாரிடமிருந்து யாருக்காகப் பாதுகாப்பார்? செய்கிறவர் பெயரில்லாத வாக்கியங்களால் கட்டிய வீடு அது. அதில் ஒரே ஒரு இடத்தில்தான் 'நான்' வருகிறது, கடைசிப் பக்கத்தில்: நான் முழுமையாகப் புரிந்துகொண்டேன், நான் முழுமனத்துடன் சம்மதிக்கிறேன். பத்துப் பக்கம் முழுக்கப் பேசாத பெண்ணுக்குக் கடைசிப் பக்கத்தில் பேச்சு வருகிறது, அதையும் வேறொருவர் எழுதிக்கொடுத்திருக்கிறார்.

சொற்களையும் பார்க்க வேண்டும். ஆய்வில் ஒரு குழுவுக்குப் புது மருந்துமுறை, மற்றொரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. இந்த இரண்டாவது குழுவைப் படிவம் கட்டுப்பாட்டுக் குழு என்கிறது. அக்காவிடம் அந்தச் சொல்லை வாசித்துக் காட்டினேன். "அது எனக்குப் பண்டே செஞ்சாச்சுல்லா" என்றார். எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவர் தலைமுறைப் பெண்களுக்குக் கட்டுப்பாடு என்றால் ஒன்றே ஒன்றுதான், குடும்பக் கட்டுப்பாடு. ஆஸ்பத்திரியும் கட்டுப்பாடும் ஒரே வாக்கியத்தில் வந்தால் கருக்குழாயை வெட்டுவது என்று பொருள். மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்திருக்கிறார், தமிழ்நாட்டுப் பெண்ணின் உடம்பைப் பார்க்கவில்லை.

எந்தக் குழுவில் விழுவோம் என்பது 'சீரற்ற ஒதுக்கீட்டு முறை'யில் தீர்மானிக்கப்படுமாம். சீரற்ற என்றால் எங்கள் பேச்சில் ஒழுங்கில்லாத என்று பொருள். ஒழுங்கில்லாமல் மருந்து கொடுப்பார்களா என்று யாரும் பயப்படலாம். இதைச் சொல்ல எங்கள் ஊரில் ரத்தினம் போல ஒரு சொல் இருக்கிறது: நறுக்கு. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி தடை செய்யப்பட்ட பிறகும் களியக்காவிளைக்காரர்களுக்கு லாட்டரி அந்நியமாகிவிடவில்லை. எல்லை தாண்டி நாலெட்டு வைத்தால் சீட்டு. அந்தச் சீட்டுகளில் காருண்யா என்று ஒன்று உண்டு. 2011-இல் கேரள அரசு தொடங்கியது, அதன் வருமானம் ஏழைகளின் புற்றுநோய், சிறுநீரக, இதயச் சிகிச்சைகளுக்குப் போனது. ஒருவர் வாங்கும் குலுக்கல் சீட்டில் இன்னொருவருக்குக் கீமோ என்று பார்த்த ஊர் இது. "நறுக்கு போட்டு எடுப்பாவ, எந்த மருந்து வருமுண்ணு டாக்டருக்கும் தெரியாது" என்று சொன்னேன். அக்காவுக்கு உடனே புரிந்தது. புரிந்த உடனே கேள்வியும் வந்தது: "டாக்டருக்கே தெரியாதுண்ணா பின்ன எதுக்கு நான் போவணும்?" சரியான கேள்வி. எது நல்லதென்று இன்னும் யாருக்கும் தெரியாததால்தான் ஆய்வே நடக்கிறது. பதினொரு பக்கமும் சேர்ந்து சொல்ல வேண்டியிருந்த விஷயம் இதுதான், அதை அந்தப் பதினொரு பக்கமும் சொல்லவில்லை.

எங்கள் மண்ணுக்கும் புற்றுநோய் ஆய்வுக்கும் பழைய தொடர்பு. 1933-இல் லான்செட் இதழில் திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்று பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய ஐ.எம். ஓர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று நாங்கள் முறுக்கான் என்று அழைக்கும் அதே சேர்மானத்துக்கும் கன்னத்தில் வரும் புண்ணுக்கும் உள்ள உறவை உலகத்துக்குச் சொன்ன தொடக்ககாலக் கட்டுரைகளில் அது ஒன்று. அதில் உள்ள வாய்களில் சில எங்கள் பூட்டிமாருடையதாக இருந்திருக்கும். அந்த அறிவு அவர்களுக்குத் திரும்பி வந்ததா? என் அம்மச்சி சாகும்வரை முறுக்கான் போட்டார்.

திருவனந்தபுரத்தில் 1999 நவம்பரிலிருந்து 2000 ஏப்ரல் வரை நடந்ததை எங்கள் பக்கம் பலர் மறந்துவிட்டார்கள். மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப்புற்று நோயாளிகள் சுமார் இருபத்தைந்து பேருக்கு எம்4என், ஜி4என் என்ற வேதிப்பொருள்கள் கட்டியில் ஊசியாகப் போடப்பட்டன. ஆய்வின் பின்னால் இருந்தவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக உயிரியலாளர் ரு சி ஹுவாங். மையத்திலேயே பணியாற்றிய மருத்துவர் வி.என். பட்டதிரி குரலெழுப்பியதால் 2001-இல் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் மனித ஆய்வு மதிப்பீட்டுக் குழு இந்த ஆய்வுக்கு அனுமதியே தந்திருக்கவில்லை. பல்கலைக்கழகமே விசாரித்து, மனிதர்கள் மீதான ஆய்வுகளுக்கு இனி அவர் தலைமை தாங்கக் கூடாது என்றது. நோயாளிகளின் கையெழுத்து இருந்தது. அந்த ஒப்புகளுக்குக் கீழே இருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தன் வாயில் ஏறுவது சோதனை மருந்து என்று தெரியும் என்பதுதான் அப்போது எழுந்த கேள்வி. அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில்தான் 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து அவருக்குச் சொல்லாமலே செல்களை எடுத்தார்கள். அவர் அந்த ஆண்டே இறந்துபோனார். செல்கள் இன்றும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன.

இப்படிப்பட்ட கதைகளுக்குப் பிறகு உலகம் கண்டுபிடித்த மருந்துதான் 'சமுதாயக் கூட்டாண்மை'. ஏழைகளும் ஒதுக்கப்பட்டவர்களும் ஆய்வுகளை நம்பவில்லை. ஆகவே அவர்கள் நம்புகிற ஆட்கள் வழியாகப் போங்கள், தேவாலயம் வழியாக, சங்கம் வழியாக, ஊர்ப் பெரியவர் வழியாக. அமெரிக்காவில் 1993-இல் அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வுகளில் பெண்களையும் சிறுபான்மையினரையும் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பெண்ணுடலை விட்டுவிட்டு ஆண் உடம்பில் சோதித்த மருந்தைப் பெண்ணுக்குக் கொடுத்துவந்த மருத்துவத்துக்கு அது தேவையான திருத்தம். அதில் எனக்கு மறுப்பில்லை. என் மறுப்பு அந்தச் சொல் எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது அதற்கு என்ன ஆகிறது என்பதில்.

குமரி மாவட்டத்தில் சமுதாயம் என்றால் சாதி. சமுதாயக் கூட்டம், சமுதாயத் தலைவர், சமுதாய மண்டபம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சாதிப் பெயர் இருக்கிறது. சொன்னாலும் சொல்லாவிட்டாலும். ஆக சமுதாயத்தோடு கைகோர்ப்பது என்று யாராவது இங்கே வந்தால் அவர்கள் கைகோர்க்கப்போவது சில ஆண்களோடு. நான் ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். யார் நடத்தியது என்பது இங்கே முக்கியமில்லை. மேடையில் ஏழு நாற்காலி. ஏழிலும் ஆண்கள். கீழே இருநூறுக்குக் குறையாத பெண்கள், பெரும்பாலும் மகளிர் குழுவில் வருகைப் பதிவு உண்டு என்பதால் வந்தவர்கள். மார்பகப் பரிசோதனை பற்றிப் பேசிய பெரியவர் 'மார்பகம்' என்ற சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லாமல் 'அந்தப் பகுதி' என்றே முப்பது நிமிடத்தை ஓட்டினார். தோள்சீலைக்காக நாற்பது வருடம் அடிபட்டு 1859-இல் ஒரு ஆணையை வாங்கிய ஊர்களில்தான் இது நடந்தது. மறைப்பதற்கும் ராஜாவின் அனுமதி, சோதிப்பதற்கும் மேடையின் அனுமதி.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அன்றைய ஆந்திரத்தின் கம்மத்தில் நடந்ததை நினைத்தால் சிரிப்பு வராது. 2009-இல் அங்கும் குஜராத்தின் வடோதராவிலும் பத்து முதல் பதினான்கு வயதுவரையுள்ள பல ஆயிரம் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டம் ஒன்றை அமெரிக்காவின் பாத் என்ற அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மாநில அரசுகள் ஆகியவற்றின் துணையோடு நடத்தியது. கம்மத்துப் பிள்ளைகளில் பலர் ஆதிவாசிகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளிவந்து 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. சாவுகளுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. அதை நான் ஏற்கிறேன். தடுப்பூசி நல்லது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெண்கள் நலத்துக்கான சமா குழு நேரில் போய்க் கண்டதும், 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு எழுதியதும் வேறொரு விஷயம்: பெற்றோரின் இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் ஒப்பு போட்டிருந்தார்கள். அரசு இருந்தது, பள்ளி இருந்தது, காப்பாளர் இருந்தார், எல்லாக் கூட்டாளிகளும் இருந்தார்கள். பெண்பிள்ளையும் அவள் தாயும்தான் இல்லை. நல்ல தடுப்பூசி ஒன்றின் மேல் பல வருடத்துக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது அந்தக் காப்பாளர் ஒப்பு.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இதைவிடச் சிக்கலான ஒன்று உண்டு. 2000-இல் திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை சமுதாய நல மையத்தை நடுவாக வைத்து, கருப்பைவாய்ப் புற்றை எளிய வழியில் கண்டுபிடிக்க முடியுமா என்று ஓர் ஆய்வு தொடங்கியது. ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்து, பாதியில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பரிசோதனை. கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் பார்ப்பார். காடி தடவிப் பார்ப்பது என்று சொன்னால் எந்தப் பெண்ணுக்கும் புரியும். மறுபாதி ஊர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது, அதாவது ஒன்றுமில்லை. 2007-இல் லான்செட்டில் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த ஊர்களில் நோய் 25 விழுக்காடும் சாவு 35 விழுக்காடும் குறைந்திருந்தது. எங்கள் செவிலியர்கள் கையில், ஒரு குப்பிக் காடியில் நடந்த சாதனை. நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். மும்பையிலும் உஸ்மானாபாத்திலும் இதே வகையில் பெரிய ஆய்வுகள் நடந்தன.

ஆனால் அந்தக் குறைவை எதோடு ஒப்பிட்டார்கள்? மறுபாதி ஊர்ப் பெண்களின் சாவோடு. அமெரிக்க நோயியல் மருத்துவர் எரிக் சூபா இந்த மூன்று ஆய்வுகளையும் சேர்த்துப் பரிசோதனை இல்லாத குழுக்களில் இறந்த 254 பெண்களைக் கணக்குக் காட்டினார். பாப் ஸ்மியர் சோதனையின் பலன் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே தெரிந்திருந்ததே என்று கேட்டார். ஆய்வாளர்களின் பதிலும் பொய்யில்லை: இந்தியக் கிராமத்தில் எந்தப் பரிசோதனையும் இல்லாதிருந்ததுதான் உண்மை நிலை, நாங்கள் எதையும் பறிக்கவில்லை. இரண்டையும் பல தடவை வாசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவது இது. வறுமை ஆய்வாளர் உண்டாக்கியதில்லைதான். ஆனால் அந்த வறுமை ஆய்வுக்கு வசதியாக இருந்தது. இப்படியொரு சோதனை உண்டு, உங்கள் ஊருக்கு இப்போது அது கிடையாது, வேண்டுமென்றால் இன்ன இடத்தில் செய்துகொள்ளலாம் என்று மறுபாதி ஊரின் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெளிவாகச் சொல்லியிருந்தால் ஆய்வின் கணக்கு கொஞ்சம் கலங்கியிருக்கும். விழிப்புணர்வு என்ற சொல்லை நான் அந்த இடத்தில் வைத்துத்தான் எடைபோடுவேன். ஆய்வுக்கு ஆள் சேர்க்கும்போது மட்டும் விழிக்கச் செய்வது என்ன விழிப்பு?

இதையெல்லாம் வாசித்துவிட்டு, அப்படியென்றால் நம் பெண்கள் ஆய்வுப் பக்கமே போக வேண்டாம் என்று யாராவது முடிவு செய்தால் என்னால் ஏற்க முடியாது. டாட்டா நினைவு மையம் முன்னின்று நடத்திய ஓர் ஆய்வில், மார்பகப் புற்று அறுவைக்குச் சற்று முன் கட்டியைச் சுற்றி லிக்னோகெயின் ஊசி போட்டுப் பார்த்தார்கள். பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடுவார்களே, அதே மலிவான மருந்து. நாட்டின் பதினொரு மருத்துவமனைகளில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள். ஐந்து வருடம் கழித்து ஊசி போட்டவர்களில் 90.1 விழுக்காட்டினரும் போடாதவர்களில் 86.4 விழுக்காட்டினரும் உயிரோடிருந்தார்கள் என்று 2023-இல் முடிவு வந்தது. நூறு பேருக்கு நாலு உயிர். காப்புரிமை இல்லாத மருந்தை எந்தக் கம்பெனியும் இப்படிச் சோதிக்கப்போவதில்லை. அதே மையம் தலை, கழுத்துப் புற்றுக்கு நிவோலுமாப் என்ற விலையுயர்ந்த மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்துப் பார்த்தது. ஒரு வருடம் உயிரோடிருந்தவர்கள் 16 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடாக உயர்ந்தார்கள். ஏழையின் கேள்வியைக் கேட்கிற ஆய்வு ஏழைக்கு வேண்டும். அதில் சேராமல் ஒதுங்கினால் பணக்காரர் உடம்பில் பார்த்த மருந்து பணக்காரர் விலையில் நமக்கு வரும்.

ஆகவே கேள்வி ஒப்பு போடலாமா கூடாதா என்பதில் இல்லை. போடுகிறவர் யார் என்பதில் இருக்கிறது. 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும், வாசிக்கத் தெரியாதவருக்குச் சார்பில்லாத சாட்சி வேண்டும் என்கின்றன. ஊரின் அனுமதி தனிமனிதரின் ஒப்புதலுக்கு ஈடாகாது என்று மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டி சொல்கிறது. அறநெறிக் குழுவில் குறைந்தது ஏழு பேர், அதில் மருத்துவம் படிக்காத பொதுஆள் ஒருவர், பெண் ஒருவர். ஏழில் ஒருவர் பெண் என்பதைப் படித்ததும் எனக்கு அந்த ஏழு நாற்காலி நினைவுக்கு வந்தது. விதியில் இடம் இருக்கிறது. அந்தப் பொதுஆள் நாற்காலியில் யாரை உட்கார வைக்கிறோம்? ஓய்வுபெற்ற தலைமையாசிரியரையா, அண்டியாபீசில் வேலை பார்த்து மார்பகப் புற்றிலிருந்து மீண்ட ஒரு பெண்ணையா? படிவத்தை அச்சுக்கு அனுப்பும் முன் அவளிடம் உரக்க வாசித்துக் காட்டினால் 'கட்டுப்பாட்டுக் குழு' அன்றைக்கே அடிபட்டிருக்கும்.

கூட்டாண்மைக்கு வெளிநாட்டு மாதிரி தேட வேண்டியதும் இல்லை. அடையாறு புற்றுநோய் மையம் 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கியபோது அதன் பின்னால் இருந்தது இந்திய மாதர் சங்கம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று நடத்திய வேலை அது. பெண்கள் அங்கே விழிப்புணர்வுக்குக் கூட்டிவரப்பட்டவர்கள் இல்லை, கேட்டவர்கள். 2023-இல் தமிழ்நாடு அரசு வீடு வீடாகப் போய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைக்கும் திட்டத்தை முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் கன்னியாகுமரியும் ஒன்று. அழைப்புச் சீட்டோடு வருகிறவர் பெரும்பாலும் தெரிந்த முகமுள்ள ஒரு பெண். அவரிடம் எங்கள் பெண்கள் கேட்பதை மேடையில் கேட்க மாட்டார்கள். மருந்தாய்வு பற்றிய பேச்சும் அந்த வழியில் வந்தால் வரட்டும். ஆனால் எத்தனை பேரைச் சேர்த்தாய் என்று அந்தப் பெண்ணுக்கு இலக்கு வைக்கும் நாளில் அவரும் காப்பாளராகிவிடுவார். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இலக்கு வைத்த காலத்தை அக்காவின் உடம்பு மறக்கவில்லை.

அக்காவும் நானும் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து நாலு கேள்வி எழுதினோம். மூன்று அவருடையது. ஆய்வில் சேராவிட்டால் இப்போது கிடைக்கும் சிகிச்சை நிற்குமா? நடுவில் வேண்டாம் என்று வந்துவிடலாமா? ஒரு தடவை போய்வர பஸ் கூலியும் ஒரு நாள் சம்பளமும் போகிறதே, அதற்கு யார் பொறுப்பு? நான்காவதை நான் சொன்னேன்: ஆய்வு முடிந்தால் முடிவை எங்களுக்குத் தமிழில் சொல்வீர்களா? வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாமா என்றேன், கொஞ்சம் சோதித்துப் பார்க்கத்தான். "அவரு பண்டு எனக்க ஆபரேஷனுக்கு ஒப்பு போட்டாரு. இது நான் போடுதேன்" என்றார்.

அங்கே ஓர் இளம் பெண் மருத்துவர் நாற்பது நிமிடம் உட்கார்ந்து பதில் சொன்னாராம். சிகிச்சை நிற்காது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பயணச் செலவு தருவோம், படிவத்தில் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. நான்காவது கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

அக்கா ஒப்பு போட்டார். நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் கவருக்குள் வைத்திருக்கிறார். மூன்று ஊசி முடிந்தது. ஏழாம் பக்கத்தில் இருந்த பஸ் கூலி இன்னும் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்தை மடக்கி எடுத்துக்கொண்டு போகப்போவதாகச் சொன்னார்.